ஆறு பேருக்கு ஒரே பாலிசியா, ஆளுக்கு ஒன்றா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 38, மனைவிக்கு 34, பிள்ளைகளுக்கு 10, 6. அப்பாவுக்கு 67, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 61, சொல்லும்படியான நோய் எதுவும் இல்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். நிறுவனம் எனக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய்க்குக் குழுக் காப்பீடு தருகிறது. வெளியில் தனியாக ஒன்று எடுக்கலாம் என்று விசாரித்தேன். ஆறு பேரையும் ஒரே குடும்ப பாலிசியில் சேர்த்தால் மலிவு என்கிறார் ஒரு முகவர். ஆளுக்கொரு பாலிசிதான் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். உண்மையில் எது செலவு குறைவு?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் நால்வருக்கும் ஒரு குடும்ப பாலிசி. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. ரேஷன் கார்டில் ஆறு பேரும் ஒரே குடும்பம்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது உறவை அல்ல, வயதை. உங்கள் வீட்டை வயதுவாரியாகப் பிரித்தால்தான் செலவு குறையும். இரண்டு முகவர்களும் சொல்லாமல் விட்டது இதைத்தான். புதுச்சேரியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். விற்கும் மேசையில் சொல்லப்பட்டதும் பணம் கொடுக்கும் மேசையில் நடப்பதும் எங்கே வேறுபடும் என்று தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தனிநபர் பாலிசியில் ஒவ்வொருவருக்கும் தனிக் காப்பீட்டுத் தொகை, அவரவர் வயதுக்கு ஏற்ற பிரீமியம். குடும்ப பாலிசியில், அதாவது ஃப்ளோட்டரில், ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே பானைச் சோறு, யாருக்குப் பசியோ அவர் போட்டுக்கொள்ளலாம். நால்வருக்கும் ஒரே ஆண்டில் பெரிய செலவு வருவது அபூர்வம் என்பதால் நிறுவனம் விலையைக் குறைத்துத் தருகிறது. இதுவரை முதல் முகவர் சொன்னது சரி. ஆனால் அந்த விலை எந்த வயதை வைத்துப் போடப்படுகிறது? பெரும்பாலான நிறுவனங்களில் பாலிசியில் இருப்பவர்களில் மூத்தவரின் வயதை வைத்து. நால்வர் பாலிசியில் மூத்தவர் நீங்கள், 38. அப்பாவை உள்ளே கொண்டுவந்த மறுநிமிடமே மூத்தவர் 67. பத்து வயதுப் பிள்ளையும் 67 வயதுக்காரரின் விலைப்பட்டியலில்தான் உட்காருகிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். கீழே வருபவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். 5 லட்சம் ரூபாய் தனிநபர் பாலிசிக்கு உங்களுக்கு 9,000, மனைவிக்கு 8,000, பிள்ளைகளுக்குத் தலா 5,000 என்றால் நால்வருக்கும் 27,000 ஆகிறது. நால்வருக்கும் பொதுவாக 10 லட்சம் ரூபாய் ஃப்ளோட்டர் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 லட்சம் என்றால் காகிதத்தில் மொத்தம் 20 லட்சம் தெரியும், ஆனால் ஒருவருக்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை என்றால் அவருக்குக் கிடைப்பது அந்த 5 லட்சம்தான். மனைவியின் 5 லட்சத்தைக் கணவனுக்குத் திருப்பிவிட முடியாது. ஃப்ளோட்டரில் அதே ஆளுக்கு 10 லட்சம் வரை கைகொடுக்கும். 7,000 ரூபாய் குறைவாகக் கொடுத்து, ஒரு தனி ஆளுக்கு இரண்டு மடங்கு பாதுகாப்பு. சிறுவயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஃப்ளோட்டர் என்று நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

இப்போது அப்பாவையும் அம்மாவையும் அதே 10 லட்சத்தில் சேர்க்கிறோம். விலை 80,000 ஆகிறது என்று வைப்போம். பிரித்து எடுத்தால் நால்வருக்கு 20,000, அப்பாவுக்கு 5 லட்சத்துக்கு 34,000, அம்மாவுக்கு 5 லட்சத்துக்கு 24,000, மொத்தம் 78,000. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சம், இரண்டாவதில் 20 லட்சம். உண்மையான விலைப்பட்டியலை வாங்கி இதே கூட்டலைப் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், சாய்வு பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

விலையைத் தாண்டியும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஓராண்டு இழப்பீடு எதுவும் கேட்காவிட்டால் பல பாலிசிகளில் போனஸாகக் காப்பீட்டுத் தொகை ஏறும். அப்பா வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் புண்ணுக்காகவோ சிறுநீரகத் தொற்றுக்காகவோ மருத்துவமனையில் படுத்தால், ஒரே பாலிசியில் இருக்கும் பிள்ளைகளின் போனஸும் சேர்ந்து போய்விடும்.

அப்படியானால் அப்பா, அம்மா இருவருக்கும் மட்டும் ஒரு ஃப்ளோட்டர் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், சில நிறுவனங்களில் விலை குறையவும் கூடும். ஆனால் ஃப்ளோட்டரின் லாபமே எல்லோரும் ஒரே ஆண்டில் படுக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இருக்கிறது. அறுபதைக் கடந்த இருவருக்கு அந்தக் கணக்கு பலவீனம். தவிர, அம்மா 61 வயதுக்கான பிரீமியத்தை விட்டு 67 வயதுக்கான பிரீமியத்தில் ஏறுகிறார். அப்பாவின் சர்க்கரைக்காக நிறுவனம் கூடுதல் பிரீமியம் போட்டால் மொத்தப் பாலிசியின் விலையும் அதோடு ஏறிவிடும். அம்மாவுக்கு நோய் இல்லாத இந்த நேரத்தில் அவருக்கென்று ஒரு தனி பாலிசி தொடங்கிவிடுவது நல்லது.

இதே தர்க்கம் கணவன் மனைவிக்கும் பொருந்தும். கணவனுக்கு 52, மனைவிக்கு 40 என்றால் ஃப்ளோட்டரில் இருவருக்கும் 52 வயதின் விலை. அங்கே தனித்தனியாக எடுப்பது மலிவாகலாம். உங்களுக்கு நான்கு வயது வித்தியாசம்தான், அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரீமியம் வருடா வருடம் சீராக ஏறுவதில்லை. பல நிறுவனங்கள் வயதை 36 முதல் 45, 46 முதல் 50 என்று படிகளாக வைத்திருக்கின்றன. உங்களுக்கு 46 பிறக்கும் ஆண்டில் நால்வரின் பிரீமியமும் ஒரே தாவலாகத் தாவும். ஆகவே விலை கேட்கும்போது இந்த ஆண்டின் எண்ணோடு நிற்காமல் 46, 51, 56 வயதுகளில் அதே பாலிசியின் இன்றைய விலை என்ன என்றும் கேளுங்கள். முதலாண்டு மலிவாகக் காட்டிவிட்டு அடுத்த படியில் தூக்கி அடிக்கும் பாலிசிகள் அதில் தெரிந்துவிடும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு: 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இட்ட உத்தரவின்படி, அவர்களுடைய பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும்.

பிரீமியம் என்பது செலவின் ஒரு பாதிதான். மருத்துவமனை பில்லில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கு மறுபாதி. மலிவான பாலிசி ஏன் மலிவு என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அறை வாடகை வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் ரூபாய் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 1 சதவீதம் என்று எழுதியிருந்தால் உங்கள் வரம்பு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்குகிறீர்கள். கூடுதலான 3,000 ரூபாயை நாள்தோறும் நாம் கட்டிவிட்டால் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது அது அல்ல. தகுதியான வாடகை பாதி என்பதால் அறுவை சிகிச்சைக் கட்டணம், மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். பில் 2 லட்சம் என்று வையுங்கள்: ஐந்து நாள் அறை 30,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் 1,00,000, மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவி 70,000. கடைசி 70,000 ரூபாயில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று விதி இருக்கிறது. ஆகக் கிடைப்பது 15,000, 50,000, 70,000 சேர்த்து 1,35,000. 65,000 உங்கள் பாடு. என் மேசைக்கு வந்த சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வரியால் வந்தவை. பாலிசியில் அச்சடித்திருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அறை வாடகை வரம்பு இல்லாத, அல்லது ‘தனி ஏ.சி. அறை’ என்று அறையின் வகையைச் சொல்லும் பாலிசிக்கு ஓரிரு ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல.

அடுத்தது கோ-பே. மூத்தவர்களுக்கான பாலிசிகளில் பில்லில் 10, 20, சிலவற்றில் 30 சதவீதம் கூட நாம் ஏற்க வேண்டும் என்று இருக்கும். அப்பாவின் பிரீமியம் ஆண்டுக்கு 8,000 குறைகிறது என்று 30 சதவீதக் கோ-பேவுக்குச் சம்மதித்தால், 3 லட்சம் ரூபாய் பில் ஒன்று வந்தால் 90,000 கையிலிருந்து போகும்; பதினோரு ஆண்டுச் சேமிப்பு ஒரே பில்லில் கரையும். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் கோ-பே 5 சதவீதம், அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5,000. அம்சங்கள் கொஞ்சம் எளிமைதான். ஆனால் விதிகள் எங்கும் ஒன்று என்பதால் நிறுவனங்களின் விலையை மட்டும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய பாலிசி இது ஒன்றுதான். மற்றவை எதையும் விலைக்கு விலை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் பொருந்தும் இரண்டு சங்கதிகள் உண்டு. பல நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து விலை வைக்கின்றன. சென்னை போன்ற பெருநகரங்களுக்கு அதிகம், கடலூர், புதுச்சேரி போன்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் இதயம், புற்றுநோய், மூளை அறுவை என்றால் ஜிப்மரை விட்டால் நம்மவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னைக்குத்தான் போகிறார்கள். குறைந்த மண்டலத்துப் பிரீமியம் கட்டிவிட்டு உயர்ந்த மண்டலத்தில் சிகிச்சை எடுத்தால் 10 அல்லது 20 சதவீதம் கோ-பே என்று சில பாலிசிகளில் விதி இருக்கிறது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னையில் குடியிருந்துகொண்டு பிரீமியம் குறையும் என்பதற்காக ஊர் முகவரி கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, மருத்துவமனை என்பதற்குப் பாலிசியில் இருக்கும் வரையறை. 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வசிக்கும் ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், 24 மணி நேரமும் தகுதியுள்ள மருத்துவரும் செவிலியரும் இருக்க வேண்டும். கடலூர் இந்த வகைதான். மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ குடும்ப மருத்துவர் நடத்தும் ஆறு படுக்கை நர்சிங் ஹோமில் இரண்டு நாள் சேர்ந்தால், சிகிச்சை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பில்லைத் திருப்பி அனுப்ப நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 2024 ஜனவரியிலிருந்து நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நெட்வொர்க்கில் உள்ள இடத்தில் வேலை சுலபம். கடலூரில் இரண்டு, புதுச்சேரியில் இரண்டு, சென்னையில் ஒன்று என்று நீங்கள் உண்மையில் போகக்கூடிய மருத்துவமனைகளை எழுதி, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியா முழுவதும் பத்தாயிரம் மருத்துவமனை என்ற பெருமை நமக்கு எதற்கு?

ஃப்ளோட்டருக்கு எதிராக இரண்டாவது முகவர் சொல்லியிருக்கக்கூடிய வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நம் கரையில் நோய் சில நேரங்களில் வீடு முழுவதையும் பிடிக்கும். 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் தேங்கும் ஆண்டுகளில் டெங்குவோ எலிக்காய்ச்சலோ ஒரே வாரத்தில் இரண்டு பேரைப் படுக்க வைக்கக்கூடும். பொதுத்தொகை சிறியதாக இருந்தால் அப்போது இடிக்கும். அதற்கு மருந்து தனிநபர் பாலிசி அல்ல; தொகையை 10 லட்சமாக வைப்பதும், தீர்ந்துபோன தொகையை அதே ஆண்டில் மீண்டும் நிரப்பித் தரும் வசதி உள்ள பாலிசியாகப் பார்ப்பதும்தான். நிரப்பிய தொகை அதே நோய்க்கும் அதே ஆளுக்கும் பயன்படுமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தரும் 3 லட்சத்தை எங்கே வைப்பது? அதைக் கணக்கிலிருந்து தள்ளவும் வேண்டாம், நம்பி இருக்கவும் வேண்டாம். வேலை மாறினால் அது போய்விடும். ஆனால் குழுக் காப்பீட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் தருவார்கள். உங்கள் மனிதவளத் துறையிடம், பெற்றோரைச் சம்பளத்தில் பிடித்தம் செய்து சேர்க்கும் வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அப்பாவை உடனே அதில் சேர்த்துவிட்டு, அதே மாதத்தில் அவருக்கு வெளியிலும் ஒரு பாலிசி தொடங்குங்கள். வெளி பாலிசியில் சர்க்கரைக்கும் அதன் விளைவுகளுக்கும் காத்திருப்புக் காலம், அதாவது அவற்றுக்குப் பணம் தராத தொடக்கக் காலம், அதிகபட்சம் 3 ஆண்டுகள்; முன்பு 4 ஆண்டுகளாக இருந்தது, 2024இல் குறைத்தார்கள். அந்த 3 ஆண்டுகளைக் குழுக் காப்பீடு தாங்கும். இரண்டு பிரீமியம் கட்டுவது வீண் போலத் தோன்றும். அப்பாவின் விஷயத்தில் அது வீண் அல்ல. 67 வயதில் யாரும் பாலிசி தர மாட்டார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டாம். வயது உச்சவரம்பு என்ற பழைய ஏற்பாடு 2024 ஏப்ரலோடு போய்விட்டது. பரிசோதனை செய்வார்கள், பிரீமியத்தைக் கூட்டலாம், ஒரு நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். அடுத்த நிறுவனத்திடம் போகலாம்.

பணம் இறுக்கமாக இருந்தால் நால்வருக்கும் 10 லட்சத்துக்குப் பதிலாக 5 லட்சம் ஃப்ளோட்டரும், அதற்கு மேல் 5 லட்சம் தாண்டினால் தொடங்கும் சூப்பர் டாப்-அப் ஒன்றும் எடுக்கலாம். அடியில் இருக்கும் 5 லட்சத்தை நீங்கள் ஏற்பதால் மேலே 15, 20 லட்சம் வியக்கும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும். ‘சூப்பர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் டாப்-அப்பில் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பரில் ஆண்டின் எல்லாப் பில்களையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

வரி பற்றி இரண்டு வார்த்தை. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. யாராவது அதற்கு முந்தைய விலைத்தாளை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வருமான வரியில், 80டி என்று அறியப்படும் கழிவாக, உங்கள் குடும்பத்துக்கு 25,000, 60 வயதைக் கடந்த பெற்றோருக்கு 50,000 வரை உண்டு. ஆனால் பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நீங்கள் புதிய முறையில் இருந்தால், ‘வரி மிச்சம்’ என்று கழித்துக் காட்டும் முகவரின் கணக்கில் அந்த மிச்சத்தை அடித்துவிடுங்கள்.

அரசுத் திட்டங்களையும் பார்த்துவிடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்பட்டிருக்காது, இ.எஸ்.ஐ. சம்பளத்தில் 0.75 சதவீதப் பிடித்தத்துக்கு உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் உட்பட எல்லோருக்கும் சிகிச்சை தந்திருக்கும். தமிழக முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்கள் வர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 70 ஆகும்போது வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அதை 2024 அக்டோபரில் தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் அது உண்டு. வயதுக்கு ஆதார்தான் ஆதாரம், ஆகவே அப்பாவின் ஆதாரில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அது தோராயமாக எழுதப்பட்டதாகவே இருக்கும்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். அப்பாவின் சர்க்கரை எந்த ஆண்டிலிருந்து, என்ன மாத்திரை என்று உள்ளபடி எழுதுங்கள். ‘சர்க்கரையை எழுதினால் பிரீமியம் ஏறும், விட்டுவிடுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முகவர் சொல்வார். ஏறட்டும். தொடர்ந்து 5 ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக நிறுவனம் மறுக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மருத்துவமனைக் குறிப்பில் ‘நீண்ட காலச் சர்க்கரை’ என்ற ஒரு வரி போதும், மொத்த பில்லையும் நிறுவனம் மறுத்துவிடலாம். கட்டிய பிரீமியமும் பறிமுதல் ஆகலாம். படிவத்தை முகவரிடம் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். நீங்களே நிரப்பி, கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாட்கள் இருக்கின்றன. அறை வாடகை, கோ-பே, மண்டலம், காத்திருப்புக் காலம் இந்த நான்கையும் அந்த நாட்களுக்குள் தேடிப் படித்துவிடுங்கள். முகவர் வாயால் சொன்னதும் பாலிசியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.